பழைய டீசல் காரில் தாவர எண்ணெய்: சில வருஷம் ஓட்டியபின்

டீசல் இன்ஜின் தாவர எண்ணெயில் ஓடும் என்பது புதுச் செய்தி அல்ல. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சின்ன டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பார்க்க வந்தவர்களில் வெகு சிலருக்கே அது தெரிந்தது, அவ்வளவு சீராக ஓடியது என்று அந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதனால் ஓடுமா என்று கேட்பதில் பொருளில்லை. சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஓடும்போது எண்ணெயால் ஒரு தொந்தரவும் இல்லை. கிளம்பும்போதும் நிறுத்தும்போதும்தான் அது வேலை வைக்கிறது.

என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் 300டி, டபிள்யூ123 வரிசை. ஓஎம்617 என்ற ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர் இன்ஜின். எண்ணெயில் ஓட்டுகிறவர்கள் இதைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இதில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. மேலே உள்ள சின்ன முன்னறையில் பற்றிக்கொண்டு, பிறகுதான் சிலிண்டருக்கு வருகிறது. அந்த அறை எப்போதும் நல்ல சூட்டில் இருப்பதால் துளி கொஞ்சம் பெரிதாக விழுந்தாலும் எரித்துவிடும். எரிபொருளைத் தள்ளும் பம்ப்பும் பழைய நேர்வரிசை வகை. அதன் கேம் பகுதிக்கு இன்ஜின் ஆயிலே மசகு. ரோட்டரி பம்ப் வைத்த வண்டிகளில் உள்ளே ஓடும் எரிபொருள்தான் மசகு. ஆறிப்போன கெட்டி எண்ணெயை அது தள்ள முயன்றால் பம்ப்பே இறுகிப் போகலாம்.

கெட்டித்தன்மைதான் எல்லாவற்றுக்கும் வேர். 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). அதே சூட்டில் சூரியகாந்தி, சோயா, ராப்சீட் (கடுகு இனத்து விதை) எண்ணெய்கள் 30ஐத் தாண்டி நிற்கும். 70, 80 டிகிரிக்கு ஏற்றினால் 10 முதல் 15 வரை இறங்கும். அப்போதும் டீசல் அளவுக்கு வராது, ஆனால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதைத் தூவலாகப் பிரித்துவிடும். ஆகவே என் காரில் இரண்டு டேங்க். சின்னதில் டீசல், பெரியதில் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுச் சூட்டுக்கு வந்து, அந்தச் சூடு எண்ணெய்க் குழாய்க்கும் பில்டருக்கும் ஏறிய பிறகுதான் வால்வை எண்ணெய் டேங்குக்குத் திருப்புவேன். நிறுத்துவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே மறுபடி டீசலுக்கு மாற்ற வேண்டும், பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் எண்ணெய் தங்காமல் கழுவிப் போக.

கேட்க எளிது. நடைமுறையில் இதுவே வண்டி யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. தினமும் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துகிறவருக்கு எண்ணெய் டேங்க் வெறும் சுமை. இன்ஜின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடும். அவசரப்பட்டு அரைச் சூட்டில் மாற்றினால் தூவல் சரியாக வராமல் இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஐடிலில் விடுவதும் இதே கெடுதல்தான். நீண்ட தூரம், ஓரளவு பாரத்தோடு ஓட்டுவதுதான் இந்த எரிபொருளுக்குப் பிடித்தது.

அடுத்த வேலை வண்டிக்கு வெளியே: எண்ணெயைத் தயார் செய்வது. புது எண்ணெய் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பொரித்த எண்ணெய் என்றால் துகள், உப்பு, தண்ணீர், கொழுப்பு அமிலம் எல்லாம் கூடவே வரும். துகளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அதை ஒரு நல்ல பில்டர் பார்த்துக்கொள்ளும். உண்மையான எதிரி தண்ணீர். பம்ப்பின் உள்பாகங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியவை, ஈரம் பட்டால் துரு பிடிக்கும். ராப்சீட் எண்ணெய் எரிபொருளுக்கான ஜெர்மன் தரமான டின் 51605, எடையில் 0.075 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. நான் செய்வது: மிதமாகச் சூடாக்கி, உயரமான டிரம்மில் பல நாள் அசையாமல் படிய விட்டு, மேல்பாதியை மட்டும் எடுப்பது. அடி மண்டியைத் தொடுவதில்லை, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. எடுத்ததில் ஒரு சொட்டைக் காய்ந்த வாணலியில் விட்டுப் பார்ப்பேன். படபடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி டிரம்முக்கு. சத்தமில்லாமல் பரவினால்தான் 5 மைக்ரான் பில்டர் வழியாக டேங்குக்குப் போகும். இதற்கு இடமும் பொறுமையும் வேண்டும், துணியெல்லாம் எண்ணெயாகும். வீட்டில் இருப்பவர்களின் பொறுமையும் கணக்கில் சேரும்.

எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அயோடின் எண் (எண்ணெயின் நிறைவுறாத் தன்மையைக் காட்டும் அளவு) கூடிய எண்ணெய் காற்றும் சூடும் பட்டால் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகும். ஆளிவிதை எண்ணெய் இதில் உச்சம், ஓவியர்கள் வண்ணத்தில் கலப்பதும் அது காய்ந்து இறுகுவதால்தான். சூரியகாந்தியும் சோயாவும் நடுவில். நிலக்கடலையும் ராப்சீடும் கொஞ்சம் தேவலை. தேங்காய் எண்ணெய் மிகக் கீழே, எளிதில் இறுகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குளிரில் டேங்கையே சூடாக்க வேண்டிவரும். எண்ணெய் போகும் பாதையில் செம்புக் குழாய் வைக்காதீர்கள், செம்பு இந்த இறுகலை வேகப்படுத்தும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும்.

இதே இறுகல்தான் இன்ஜின் ஆயிலிலும் நடக்கிறது, அங்கேதான் அபாயம் அதிகம். எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே இறங்கினால், டீசலைப் போல ஆவியாகி வெளியேறாது. ஆயிலோடு கலந்து, ஒருநாள் களியாகும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கியிருக்கிறேன். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டு வந்தால், கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுவேன். எண்ணெயில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் டீசலைவிட சுமார் 5 சதவீதம் குறைவு, ஓட்டுகையில் அது தெரிவதேயில்லை. பின்னால் வருபவருக்குப் பொரியல் வாசனை வரும் என்பது மெய்தான்.

புது காமன் ரெயில் டீசல் (மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் எரிபொருள் போகும் வகை) வைத்திருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அவ்வளவு அழுத்தத்துக்கும் நுணுக்கமான இன்ஜெக்டருக்கும் இது ஒத்துவராது. மெத்தனாலோடு வினைபுரியச் செய்து எடுக்கிற பயோடீசல் வேறு சரக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வரி, வாகன விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் டேங்க் பொருத்தும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எண்ணெயில் ஓடிய காரை யாராவது விற்க வந்தால், முதலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். விரலில் நூலாக இழுபடும் பிசுக்கு இருந்தால் விலையே பேச வேண்டாம். அது சுத்தமாக இருந்தால், எத்தனை கிலோமீட்டர் எண்ணெயில் ஓடியது என்று கேட்பதை விட்டு, நிறுத்தும் முன் எந்த இடத்தில் டீசலுக்கு மாற்றுவார் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) சோதிக்க அழைத்துப் போகலாம்.