‘200 லீட்டர் சில்லர்’ என்று விற்றால் முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள்

இந்த வெயிலுக்கு மீன்தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் பெட்டி ஏதாவது வாங்கலாம் என்று கொழும்பில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், காசைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு 42,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, மூன்று வருடமாக வளர்த்த மீன்களில் பதினான்கு ஒரே நாளில் செத்தது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் பார்த்த மூன்றாம் மாடி. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேரே வரவேற்பறைக்குள் இறங்கும். தொட்டி இரண்டரை அடி. கல், மண், செடி எல்லாம் போகத் தண்ணீர் 90 லீட்டர் இருக்கும். அதில் நியோன் டெட்ரா பதினெட்டு, மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய கோரி மீன் ஆறு, கொஞ்சம் சிவப்பு இறால். 24, 25 பாகையில் சுகமாக இருக்கும் உயிர்கள் இவை. மார்ச் கடைசியில் தண்ணீர் 31 பாகையைத் தொட்டது. மூடியைத் திறந்து வைத்து ஒரு சின்ன மேசை ஃபேனைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதைவிட நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் கடைக்குப் போனேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அந்த வழியில் போகட்டும்.

கடை முதலாளி நன்றாகத்தான் கதைத்தார். தொட்டியின் அளவைக் கேட்டார், என்னென்ன மீன் என்று கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். “தம்பி, இது 200 லீட்டர் வரைக்கும் தாங்கும். உங்கட தொட்டிக்குத் தாராளம். 24க்கு இறக்கித் தரும்” என்றார். முன்பக்கம் வெப்பநிலை காட்டும் சிவப்பு எண்கள். பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர், ‘200 லீட்டர்’ என்று அச்சடித்து. கொம்பிரசர் உள்ள சில்லர்கள் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு விலை என்பது எனக்குத் தெரியும். எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டேன். நேரடி இறக்குமதி என்றார். நம்பினேன்.

மறுநாள் பொருத்த ஒரு பையன் வந்தான். அதற்கு 3,500 ரூபாய் தனி. தொட்டிக்குக் கீழே உள்ள பலகை அலுமாரிக்குள் பெட்டியை வைத்துக் குழாய்களை இணைத்துக் கதவைச் சாத்தினான். “இனி ஃபேன் தேவையில்லை அண்ணா. மூடியைப் போட்டே வையுங்கோ, குளிர் வெளியே போகாது. ஏர் பம்ப்பையும் நிப்பாட்டுங்கோ, அது சூட்டுக் காத்தை உள்ளுக்குத் தள்ளும்” என்றான். அவன் சொன்ன மூன்றையும் செய்தேன். அந்த மூன்றும் பிழை.

பெட்டி 25 என்று காட்டியது. காலையிலும் 25, இரவிலும் 25. நானும் நிம்மதியாக இருந்தேன். நியோன்களின் நீலக்கோடு கொஞ்சம் மங்கியதைக் கவனித்தேன், புதுத் தண்ணீர் ஓட்டத்துக்குப் பழகும்வரை அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். தொட்டியில் ஒட்டியிருந்த பழையதை, இனித் தேவையில்லை என்று நானே கழற்றி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 14, வருடப்பிறப்புக் காலை. மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, கோரி எல்லாம் சரிஞ்சு கிடக்குது.” ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று கோரிகள் முன்கண்ணாடியோரம் பக்கவாட்டில் கிடந்தன. ஒன்றின் செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த நியோன்கள் எல்லாம் மேலே வந்து, மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தன. பழைய வெப்பமானியைத் தேடி எடுத்து உள்ளே விட்டேன். 33 பாகை. கீழே பெட்டி அப்போதும் 25 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கு அழைத்தால் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. வருடப்பிறப்புக்குக் கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகள் நாலைந்து நாள் திறக்காது, உங்களுக்கே தெரியும். மூடியை எடுத்து, ஃபேனையும் ஏர் பம்ப்பையும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஐஸ் போத்தலைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். அன்று மாலைக்குள் பத்து நியோனும் நாலு கோரியும் போய்விட்டன.

பிறகு, குளிர்சாதனப் பெட்டி திருத்தும் ஒருவரிடம் அந்தச் சாதனத்தைக் கொண்டுபோனேன். நாலு ஆணியைக் கழற்றித் திறந்து காட்டினார். கொம்பிரசரும் இல்லை, காஸும் இல்லை. நாலு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு வெள்ளைச் சில்லு, அதன் ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் சின்ன உலோகப் பெட்டி, மறுபக்கம் அலுமினியத் தகடும் ஒரு குட்டி ஃபேனும். பெல்ட்டியர் என்கிற வகை. மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சில்லின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். அந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் அது குளிர்ப் பக்கத்துக்கே திரும்பும். கதவு சாத்திய அலுமாரிக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? சுற்றிச் சுற்றித் தண்ணீருக்கே வந்திருக்கிறது. வெப்பநிலை உணரி ஒட்டியிருந்ததும் அந்தக் குளிர்ப் பெட்டியின் மேலேதான். அதனால்தான் மாறாமல் 25.

திறந்து பார்த்த மேசையில் வைத்துத்தான் ஸ்டிக்கரையும் பார்த்தேன். ஈரத்தில் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் கிளறினேன், முழுதாக உரிந்து வந்தது. கீழே தொழிற்சாலை ஒட்டிய உண்மையான லேபல்: 12 வோல்ட், 6 ஆம்பியர், 20 லீட்டர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்றக்கூடாது. 90 லீட்டர் தண்ணீரை ஒரு பாகை குறைக்க ஏறக்குறைய 105 வாட்-மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். இந்தச் சில்லு இழுப்பது 72 வாட். தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பம் அதில் பாதிகூட வராது. ஒரு பாகை குறையவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வெயில் இரண்டு பாகையை ஏற்றிவிடும். கொம்பிரசர் வேறு மாதிரி. அது இழுக்கும் மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கும். ஆகவே, சில்லர் என்று யார் காட்டினாலும் “கொம்பிரசர் இருக்கிறதா, எத்தனை வாட்?” என்று கேளுங்கள். தூக்கியும் பாருங்கள். கொம்பிரசர் இருந்தால் ஒரு கையால் இலகுவாகத் தூக்க முடியாது.

ஏர் பம்ப்பை நிறுத்தச் சொன்னதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. 25 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஒட்சிசன் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 32, 33 பாகையில் அது 7 அளவுக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும் நேரம் பார்த்துத் தண்ணீரில் குறைகிறது. அப்போது மூடியையும் போட்டு, மேல்மட்டத்தை அசைக்கும் பம்ப்பையும் நிறுத்தினால் அது மூச்சைப் பிடித்து அமுக்குவதற்குச் சமம். மீன் விற்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

நாலு நாள் கழித்துக் கடை திறந்ததும் போனேன். முதலாளி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் அவர் எழுதியிருந்தது ‘மீன்தொட்டிச் சாமான் – 1’. சில்லர் என்ற சொல்லும் இல்லை, 200 லீட்டரும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. வாங்கிய அன்று நான் அதை வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் கடையில் நின்றே வாசியுங்கள். பொருளின் பெயர், மாடல், எத்தனை லீட்டர், எத்தனை மாத உத்தரவாதம், எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்போது தொட்டி பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. தண்ணீர் மேல்மட்டத்தைத் தடவிப் போகிற மாதிரி ஃபேன். கடலோர ஈரக்காற்றில் ஆவியாதல் குறைவு, அதனால் இரண்டு பாகைதான் குறைகிறது. ஆனால் அந்த இரண்டும் உண்மையான இரண்டு. ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஊற்றுகிறேன். லைட் ஆறு மணித்தியாலம் மட்டும். ஜன்னலுக்குத் தடித்த திரை. சாப்பாட்டைப் பாதியாக்கினேன், சூட்டில் கழிவின் அமோனியா கூடுதல் நஞ்சாகும். மிகச் சூடான பின்னேரங்களில் மூடி இறுக்கிய ஒரு லீட்டர் ஐஸ் போத்தல் ஒன்று. இந்த அளவுத் தொட்டியில் அது ஒரு பாகை அளவுக்குக் குறைக்கும். ஐஸை நேரே போடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மாடிவீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: மத்தியானத்தில் தண்ணீர் மாற்றாதீர்கள். மொட்டைமாடித் தாங்கித் தண்ணீர் அந்த நேரத்தில் தொட்டித் தண்ணீரைவிடச் சூடு. நான் காலை ஆறு மணிக்கு முன் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து போட்டு வைக்கிறேன்.

எட்டு நியோனும் இரண்டு கோரியும் மிஞ்சியிருக்கின்றன. நீலக்கோடு திரும்ப வந்துவிட்டது.

போன கிழமை கடையிலிருந்து அழைப்பு வந்தது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் பெட்டியை 10,000 ரூபாய்க்குத் திருப்பி எடுப்பார்களாம். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பெட்டி திரும்பக் கடைக்குப் போனால் இன்னொரு ஸ்டிக்கரோடு வேறொருவர் வீட்டுக்குப் போகும். அது என் அலுமாரியிலேயே இருக்கிறது, உரித்த ஸ்டிக்கரும் பற்றுச்சீட்டும் ஒரு உறையில் போட்டு அதன் மேலே.