பல்லுக்கொதிக்குக் கூகுள் ட்ரெண்ட்ஸ் எவ்வளவு உதவும்?

மக்கள் கூகுளில் எந்தச் சொல்லை எப்போது, எங்கே கூடுதலாகத் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி இது. பல்லுக்கொதி, அதாவது பல் வலி, எவ்வளவு பரவலென்று அறிய இதைப் பாவிக்கலாமா என்பதே கேள்வி. இலவசம், 2004 முதலான தரவு உண்டு. ஆனால் இலங்கையின் வட மாகாணத்தைத் தெரிவுசெய்து 'பல்லுக்கொதி' என்று போட்டால் பெரும்பாலும் வெறுமைதான். தேடல் குறைந்தால் அது 0 என்றே காட்டும். ஆகவே நாடு முழுவதையும் எடுத்து, 'பல் வலி', 'பல்லு வலி', 'சூத்தைப் பல்லு', ஆங்கில எழுத்தில் அடிப்பவை எல்லாவற்றையும் கூட்டல் குறியால் இணையுங்கள். 100 என்பது ஆட்களின் எண்ணிக்கையல்ல, அந்தக் காலப்பகுதியின் உச்சம். எல்லாத் தேடல்களையும் எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் வைத்துக் கணிப்பதால் இன்றைய கோடு நாளை சற்று மாறும். சில நாட்கள் தரவை இறக்கிச் சராசரி பாருங்கள். 2016, 2022 தொடக்கங்களில் தரவு சேகரிக்கும் முறை மாறியது, அங்குள்ள துள்ளலை நம்பவேண்டாம். கராம்பு வைத்துச் சமாளிக்கும் அம்மம்மா இதில் அகப்படவே மாட்டார். கிளினிக் பதிவேட்டோடு ஒப்பிடாமல் முடிவெழுதினால் வீண்வேலை. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.