"ஆஃப் பண்ணாண்டாம் மக்ளே" என்றார், என் 17,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் பழைய செல்போனும் கேம் மெஷினும் வாங்கி விற்கிற ஒரு கடையில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற பழைய கேம் மெஷினை வாங்கி 17,500 ரூபாய் ஏமாந்துவிட்டேன். கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இனி யாரும் இப்படி மாட்டக்கூடாது.

அண்ணன் ஐந்து வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். சின்ன வயதில் மார்த்தாண்டம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் டிவி கேமில் ஆடியது கான்ட்ரா. கேசட்டை ஊதி ஊதிப் போட்டால்தான் படம் வரும். 'எஸ்' எழுத்துத் துப்பாக்கி விழுந்தால் எப்போதும் எனக்கு விட்டுத்தருவான். மூன்றாவது லெவலில் அருவி வரும், எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே திற்பரப்புதான். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறி, கீழே நிற்கிற ஆள் செத்துப்போவார். எனக்குச் சரியாகத் தாவ வராது. குண்டு பட்டாலும் பரவாயில்லை என்று பாறை மேல் நின்று எனக்காகக் காத்திருப்பான்.

அந்தக் கேமைக் கொனாமி கம்பெனி 2019-ல் மற்ற பழைய கான்ட்ராக்களோடு ஒரே தொகுப்பாக்கி நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வெளியிட்டது. மெஷினின் இரண்டு பக்கத்திலும் மாட்டியிருக்கிற ஜாய்-கான் என்ற கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து ஆடலாம். சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கான்ட்ரா என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. மெஷினை எடுத்துக் கேமைப் போட்டார். தொடக்கப் படம் வந்ததும், கூடுதல் உயிர் தரும் ரகசிய பட்டன் வரிசையில் அவர் விரல் தானாக ஓடியது: மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. முப்பது உயிர்! ஒரு ஜாய்-கானை என் கையில் தந்து, "வா மக்ளே, ஒரு லெவல் ஆடுவோம்" என்றார். நின்றபடியே காட்டு லெவலை முடித்தோம். நடுவில் 'எஸ்' விழுந்தது. "நீ எடுத்துக்கோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். உள்ளே நாற்பதுக்கு மேல் கேம் இருந்தது. "எல்லாம் ஒரிஜினல், முன்னால வச்சிருந்த பையன் காசு குடுத்து வாங்கினது" என்றார். பேரம்கூடப் பேசாமல் 17,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "ஆஃப் பண்ணாண்டாம் மக்ளே, ஸ்லீப்ல போட்டா போதும். பேட்டரிக்கு அதுதான் நல்லது." அக்கறையாகச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் வீடே கலகலப்பாக இருந்தது. நாலாம் நாள் குளச்சலில் ஒரு கல்யாணம். போய்வந்து பார்த்தால் சார்ஜ் சுத்தமாக இறங்கி மெஷின் அணைந்திருந்தது. சார்ஜ் ஏற்றிப் போட்டேன். கேம் படங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றும் திறக்கவில்லை. சரி, கான்ட்ராவை மட்டுமாவது திரும்பக் காசு கொடுத்து வாங்குவோம் என்று வைஃபை போட்டு, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்தேன். 2124-4007 என்று ஒரு எண் வந்தது. இந்த மெஷினை நின்டெண்டோ ஆன்லைனிலிருந்தே தடை செய்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம்.

ரிப்பேர் தெரிந்த ஒரு தம்பிதான் விளக்கினான். ஆரம்ப கால ஸ்விட்சின் சிப்பில் ஒரு ஓட்டை இருந்தது, 2018-ல் வெளியே தெரிந்தது. அதன் வழியாகத் திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றி, திருட்டு கேம்களை ஓட்டுவார்கள். ஆனால் மெஷினை முழுசாக அணைத்தால் அந்த ஏற்பாடு போய்விடும், திரும்பக் கம்ப்யூட்டரையோ போனையோ செருகி ஏற்றினால்தான் கேம் ஓடும். அதற்குத்தான் "ஆஃப் பண்ணாண்டாம் மக்ளே". பேட்டரியாவது மண்ணாவது! எல்லாம் தெரிந்தே சொல்லியிருக்கிறார்.

போன் செய்தேன், "கொண்டு வா, பார்ப்போம்" என்றார். கொண்டு போனேன். அவர் திருவனந்தபுரம் போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொன்னான். மறுநாள் மறுபடி பஸ், மறுபடி நாகர்கோவில். "வைஃபை போட்டு நீதான் கெடுத்திருக்க" என்றார். நான் வைஃபை போடும் முன்பே கேம் நின்றுவிட்டது என்று சொல்லச் சொல்ல, வேறு ஆளுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பில்லைக் காட்டினேன். துண்டுச் சீட்டில் 'கேம் மெஷின் 1, 17,500' என்று மட்டும்தான் இருக்கிறது, சீரியல் நம்பர் இல்லை. "செகண்ட்ஸுக்கு ஏது வாரண்டி" என்றார். இப்போது வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். சர்வீசுக்குக் கொடுக்கலாமென்றால் நின்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்சை நேரடியாக விற்கவே இல்லை.

பழைய ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் கடையிலேயே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுசாக ஆஃப் செய்து, திரும்பப் போட்டு, கேம் திறக்கிறதா என்று பாருங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுத வையுங்கள். அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

இன்று காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு ஃபிளைட். இன்னும் திற்பரப்பு வரைக்கும்கூட நாங்கள் ஆடவில்லை.