சேஃப்டி ஜாக்கெட்டில் சப்ளிமேஷன் அச்சு: கறுப்பு எழுத்தென்றால் தயங்காமல் கொடுக்கலாம்

சாலைப் பணியாளர்கள் அணியும் ஒளிர்மஞ்சள் சேஃப்டி ஜாக்கெட்டுகளில் எங்கள் நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும் சப்ளிமேஷன் முறையில், அதாவது காகிதத்தில் அச்சிட்ட படத்தைச் சூடாக அழுத்தித் துணிக்கு மாற்றும் முறையில், அச்சிடுவதற்காகத் திருப்பூரிலுள்ள ஒரு சிறிய பிரிண்டிங் யூனிட்டை நாடினோம். வேலை பெரும்பாலும் திருப்தியாகவே அமைந்தது.

எங்கள் லோகோ நீல நிறம். அதை அப்படியே அச்சிட இயலாது என்று உரிமையாளர் முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் துணியில் அழுத்தியும் காட்டினார். நீலம் பச்சையாகத்தான் விழுந்தது. சப்ளிமேஷன் மை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்து, துணியின் நிறத்தோடு கலந்துவிடுமே தவிர அதை மறைக்காது. வெள்ளை மையும் இம்முறையில் கிடையாது. ஆர்டர் கைநழுவக்கூடும் என்று தெரிந்தும் இதை மறைக்காமல் சொன்ன நேர்மைக்காகவே இந்த இடத்தை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

கறுப்பில் அச்சிட்ட எழுத்துகள் மிகத் தெளிவாக உள்ளன. தடவிப் பார்த்தால் துணிக்கும் அச்சுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பலமுறை துவைத்த பிறகும் உரியவோ வெடிக்கவோ இல்லை. முன்பு வேறோர் இடத்தில் ஒட்டி வாங்கிய வெள்ளை வினைல் (பிளாஸ்டிக் தாள்) எழுத்துகளோ, துணியின் சாயம் ஏறி மஞ்சளித்து, ஓரங்களில் பெயரவும் தொடங்கியிருந்தன.

குறை, சூடான தகட்டால் அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரம் விட்ட தடம். சில ஜாக்கெட்டுகளின் முதுகில் காகிதத்தின் ஓரம் செவ்வகக் கோடாகப் படிந்து, அதற்குள் மஞ்சள் சற்று மங்கியிருந்தது. மார்புப் பக்கத்தில் ஜிப்பின் தடிப்பால் தகடு சமமாக அமராமல் ஓரெழுத்து வெளிறிப்போனது; அடியில் ஃபோம் வைத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். ஒளியைத் திருப்பியனுப்பும் ரிஃப்ளெக்டிவ் டேப்பின் மீது மட்டும் சூடு படாமல் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள். நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்த அந்தப் பட்டை பழுதானால் இரவுப் பணியில் ஜாக்கெட்டால் பயனில்லை.

அச்சின் அளவைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. தொலைவிலிருந்தே கண்ணில் படும் பாதுகாப்பு ஆடைகளுக்கான ஈஎன் ஐஎஸ்ஓ 20471 தரத்தின் மிக உயர்ந்த வகுப்பான மூன்றாம் வகுப்பு ஆடையில் ஒளிரும் துணி குறைந்தது 0.80 சதுர மீட்டரும், ரிஃப்ளெக்டிவ் பட்டை 0.20 சதுர மீட்டரும் இருந்தாக வேண்டும். முதுகு முழுவதும் கறுப்பில் நிரப்பினால் அந்தப் பரப்பு குறைந்து, ஆடை தன் வகுப்பையே இழக்கக்கூடும். ஆகவே லோகோவைச் சிறிதாக வைக்கச் சொல்லுங்கள்; புதிதாகத் தைப்பதானால், வெட்டிய துணியாக இருக்கும்போதே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள், தகடு சமமாக அமரும்.