"மழைக்கால உடல் சுத்தம்" என்று 38,500 ரூபாய் போச்சு: மும்பைத் தமிழர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய் போய்விட்டது. பணம் ஒரு பக்கம். எங்கள் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாரே, அதுதான் ஆறவே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கிழக்குப் புறநகரில், மாடியில் நடக்கும் ஒரு ஆயுர்வேத 'வெல்னெஸ் சென்டர்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஊரிலிருந்து ஆடி பிறக்கும் முன்பே செம்பூருக்கு எங்களிடம் வந்துவிட்டார். மழை பிடித்ததும் முட்டிவலி கூடிப்போச்சு. நமக்கு ஆடி என்றால் மலையாளிகளுக்குக் கர்க்கடகம். அந்த மாதம் எண்ணெய், மூலிகைக் கிழி ஒத்தடம், மருந்துக் கஞ்சி என்று உடம்பைப் பார்த்துக்கொள்வது அங்கே பழக்கம். எங்கள் வீட்டிலும் சின்ன வயதில் லீவு விட்டால் ஒரு ஞாயிறு விடியற்காலை விளக்கெண்ணெய் உண்டு. மூக்கைப் பிடித்து விழுங்கணும், அப்புறம் வெந்நீர், மத்தியானம் குழைந்த சாதமும் மிளகு ரசமும். அந்த நினைப்பில்தான் '14 நாள் மழைக்காலப் பஞ்சகர்மா' (வாந்தி, பேதி என்று உடம்பைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத முறை) என்ற போர்டைப் பார்த்ததும் அம்மா, "ஒருவாட்டி போய்க் கேட்டுப் பார்ப்போமே" என்றார்.

உள்ளே வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "நம்ம பக்கத்து ஆளுங்களா? உட்காருங்கம்மா" என்று சொல்லி அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "வாதம் ஏறிக் கிடக்கு. மழைக்காலம் இல்லையா?" என்றார். மழையில் வாதம் ஏறும் என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை உப்பு, ஒயர் வைத்த ஒரு உருளை. அம்மாவின் காலை அதில் வைக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே நுரையும் துகளுமாக மிதக்க ஆரம்பித்தது. "பாத்தீங்களாம்மா, இத்தனை வருஷத்துக் கழிவு" என்றார். அம்மா கண் கலங்கிவிட்டார். "என் உடம்புக்குள்ள இவ்வளவா?" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் போனை எடுத்தேன். இன்றைக்கே முழுசாகக் கட்டினால் சலுகை என்றார்கள். 38,500 ரூபாயும் ஒரே தடவையில் யுபிஐயில் போனது.

அந்தத் தண்ணீர் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மகன் வீட்டில் உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்பு ஆணியைப் போட்டு ஒரு பேட்டரியை இணைத்துக் காட்டினான். அதே பழுப்பு, அதே நுரை. யார் காலும் அதில் இல்லை! மின்சாரம் பாய்ந்ததும் உப்புத் தண்ணீரில் இரும்பு கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். பழைய ஆயுர்வேதத்தில் இப்படி ஒரு தொட்டியே கிடையாது.

முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தார்கள். பாட்டிலில் லேபிளே இல்லை. மூன்றாம் நாள் காலை ஏதோ பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலைக்குள் பதினேழு தடவை போனது. போன் போட்டால், "கழிவு வெளியேறுது மேடம், தடுக்காதீங்க" என்கிறார்கள். காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ராத்திரி பாத்ரூம் வாசலிலேயே சரிந்துவிட்டார்.

மாட்டுங்காவில் முறையாகப் படித்த ஆயுர்வேத டாக்டர் ஒருவரிடம் பிறகு விசாரித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேதிக்குக் கொடுக்கும் முன் மூன்று முதல் ஏழு நாள் வரை மருந்து நெய்யை நாளுக்கு நாள் அளவு கூட்டிக் குடிக்க வைக்க வேண்டுமாம். அதன் பிறகு எண்ணெய், வியர்வைச் சிகிச்சை. பேதி அதற்கும் பிறகுதான். முடிந்தபின் நீர்க்கஞ்சியில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் சாதத்துக்கு வர வேண்டும். பருவமும் உண்டு: வாந்தி சிகிச்சை வசந்தத்தில், வஸ்தி (ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது) மழைக்காலத்தில், பேதி மழை ஓய்ந்த பிறகு வரும் சரத் காலத்தில். மழையில் செரிமானம் மந்தமாக இருக்கும், அப்போது சர்க்கரை உள்ள வயதானவருக்கு யாரும் இப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்றார். சாஸ்திரத்தைக் குறை சொல்லாதீர்கள், இவர்கள் அதைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "டாக்டர் லீவு". அப்புறம் "ஹெட் ஆபீஸில் பேசுங்கள்". ஹெட் ஆபீஸ் நம்பரை எடுத்தது அதே ரிசப்ஷன் பெண்! அப்புறம் "ஏழு வேலை நாள்". எட்டாம் நாள் போனால், பணம் தர முடியாது, மீதிப் பதினோரு நாளுக்கு ஈடாக எனக்கு ஃபேஷியல் செய்து தருகிறார்களாம். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? ஜிப்பாக்காரரின் பதிவு எண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம்?" அன்று முதல் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 38,500 ரூபாயில் ஒரு பைசா வரவில்லை.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பிஏஎம்எஸ் (ஆயுர்வேத டாக்டர் பட்டம்) படித்தவரா, மகாராஷ்டிர இந்திய மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். மாத்திரைப் பட்டியலைக் கேட்காத இடத்தில் ஒரு நிமிஷமும் உட்காராதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டவே கட்டாதீர்கள். காலைத் தொட்டியில் வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். அது நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. கிழக்குப் புறநகரில் இதே தொட்டி, இதே ஜிப்பாவிடம் யாராவது ஏமாந்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.