38,500 ரூபாயும் போனது, கட்டுரையும் போனது: மதுரைப் பக்கத்து ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் மாதம் பதினாறாயிரத்துக்குப் புவியியல் நடத்திக்கொண்டு, பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதை வாங்கியவர்கள் நேற்று மாலையிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவோடு இரவாக உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அவதூறு என்று என் மேலேயே திருப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் உறவினர் ஒருவர் தடுத்துவிட்டார். ஆனால் எந்த வகைக் கடை என்று சொல்கிறேன். கீழே ஜெராக்ஸ், பைண்டிங். மாடியில் குளிர்பதன வசதியோடு கண்ணாடிக் கதவு போட்ட அறை. 'ஆய்வு உதவி, கட்டுரை வெளியீடு, ஸ்கோபஸ் உத்தரவாதம்' என்று பலகை. (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுத்து வைக்கும் சர்வதேசத் தரவுத்தளம்.) போதும், புரிந்திருக்கும்.

என் ஆய்வு கண்மாய்களைப் பற்றியது. மாடக்குளம், நிலையூர், வண்டியூர் என்று மதுரையைச் சுற்றிப் பதினொரு கண்மாய்களில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கோல் ஊன்றி அளந்தேன். நான்கு கோடைகள். முழங்கால் சேற்றில் என் தம்பி கோலைப் பிடிக்க, கரையில் நின்று நான் குறித்த நோட்டுகளில் இன்னும் களிமண் கறை இருக்கிறது. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளிவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பர் ஒழுங்குமுறையிலேயே எடுத்துவிட்டது. அப்படியும் தங்கள் சொந்த விதியில் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள், அதுவும் ஸ்கோபஸில். அந்தக் கடைக்காரர்கள் பிழைப்பது இந்த அவசரத்தில்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை அந்த மாடிக்கு ஏறினேன். கடைக்காரருக்கு நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை, முப்பத்தைந்து வயது இருக்கும். "உட்காருங்கள் மேடம்" என்று சொல்லிக் கீழே குரல் கொடுத்துத் தேநீர் வரவழைத்தார். என் கட்டுரைத் தலைப்பைப் படித்துவிட்டு, "கண்மாயா? நானும் மேலூர்ப் பக்கம்தான் மேடம். பெரியாற்றுத் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குச் சோறு" என்றார். நான்கு வருடத்தில் என் தலைப்பைக் கேட்டு முகம் மலர்ந்த முதல் ஆள். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி விழுந்தது அலமாரியைப் பார்த்து. மெரூன் ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த ஆய்வேடுகள் வரிசையாக நின்றன. அதிலிருந்து ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். என் நெறியாளரிடமே எனக்கு மூன்று வருடம் முன்னால் பட்டம் வாங்கிய அக்காவுடையது! "இவர்களுக்கும் நாங்கள்தான் மேடம்" என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "கேர் பட்டியலை யுஜிசியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இனி ஸ்கோபஸ் ஒன்றுதான் பேசும். இப்போது விட்டால் அடுத்த வருடம் விலை இரட்டிப்பு" என்றும் சேர்த்துக்கொண்டார். கேர் பட்டியல், அதாவது ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த பட்டியல், நின்றது உண்மை. ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு அதன் முதுகில் நான்கு பொய்யை ஏற்றுவது இவர்கள் தொழில்.

முன்பணம் 20,000, ஏற்புக் கடிதம் வந்ததும் 18,500. ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் கட்டினேன். கழிவாகப் போன நாலாயிரத்தை இந்த 38,500-இல் நான் சேர்க்கவே இல்லை. ஜிபேயில் ஏதோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்கள் கணக்காளர்" என்றார். மஞ்சள் ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்ற ஒரே சொல். ஜிஎஸ்டி எண் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் கேட்கவில்லை.

ஏற்புக் கடிதம் ஐந்தே நாளில் வந்தது. நம் ஊர்த் தையல்காரர் ஒரு ஜாக்கெட்டை ஐந்து நாளில் தர மாட்டார். ஐரோப்பாவில் இருக்கும் ஆய்விதழ் ஒன்று, இரண்டு மதிப்பாய்வாளரிடம் அனுப்பி, கருத்து வாங்கி, ஐந்து நாளில் ஏற்றுக்கொண்டதாம். மதிப்பாய்வுக் கருத்து இரண்டு வரி: நல்ல கட்டுரை, ஏற்கலாம். ஒழுங்கான இதழ்களில் இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். கடையைப் பற்றி நெறியாளரிடம் மூச்சு விடவில்லை. நானே அனுப்பியதாகச் சொல்லிவிட்டேன். அது என் தப்பு, மறைக்கவில்லை.

மார்ச்சில் கட்டுரை 'வெளிவந்தது'. திறந்து பார்த்தேன். முதலில் என் பெயர். கடைசியில் நெறியாளர் பெயர். நடுவில் இரண்டு பேர்! யார் என்றே தெரியாதவர்கள். ஒருவர் வேறு மாநிலத்துக் கல்லூரியில் மின்னியல் துறை உதவிப் பேராசிரியராம். மாடக்குளம் கண்மாயில் மின்னியலுக்கு என்ன வேலை? அப்புறம்தான் உறைத்தது: என் கட்டுரையில் இடம் பிரித்து விற்றிருக்கிறார்கள். ஒரே கட்டுரைக்கு மூன்று பேரிடம் வசூல். ஒரு பெயரைச் சேர்ப்பதென்றால் எல்லா ஆசிரியர்களின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும் என்பது வெளியீட்டு அறத்தின் அரிச்சுவடி. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டுரைக்குள் போனால் இன்னும் மோசம். 'மொழித் திருத்தம்' என்று சொல்லி, ஒப்புமை விகிதத்தை (ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஒத்துப்போகும் அளவை) குறைக்க ஏதோ மென்பொருளில் போட்டு அரைத்திருக்கிறார்கள். 'இரிகேஷன் டாங்க்' என்று நான் எழுதியது 'வாட்டர் சிஸ்டம் வெஸல்' ஆகியிருந்தது. பாசனக் கண்மாய் பாத்திரமாகிவிட்டது! கலிங்கைப் பற்றி எழுதிய பத்தியில் உபரி நீர் வழியும் கலிங்கு எது, வயலுக்கு நீர் விடும் மடை எது என்று எனக்கே தெரியவில்லை. இப்படித் திரிந்த சொற்றொடர்களைத் தேடிப் பிடிப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த கிய்யோம் கபானாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல் எழுதியபோது, 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல் 'போலிப் பிரக்ஞை' என்று மாறிக் கிடந்த கட்டுரைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார்கள். நாளைக்கு அந்த வலையில் சிக்கினால் முதலில் தெரியப்போவது கடைக்காரர் பெயரா, என் பெயரா?

ஏப்ரலில் ஆய்வுக் குழுக் கூட்டம். வெளியிலிருந்து வந்த நிபுணர் என் கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணை, தன் மடிக்கணினியில் தட்டினார். அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இதழின் பெயரை ஸ்கோபஸில் தேடினார், இருந்தது. ஆனால் அங்கிருந்து பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால் வேறு இணையதளம், வேறு முகப்பு. நான் பணம் கட்டியது அந்த இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளத்துக்கு. "கடத்தப்பட்ட இதழ் என்பார்கள் அம்மா" என்றார் அவர், திட்டாமல். நெறியாளர் என்னைப் பார்க்கவே இல்லை. வராண்டாவுக்கு வந்த பிறகு, "என் பெயருக்குப் பக்கத்தில் யார் யாரை உட்கார வைத்திருக்கிறாய் என்று தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலை 2022 முதல் இலவசமாக வைத்திருக்கிறது. என் இதழ் அதில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. 38,500 ரூபாய் அந்த இரண்டு நிமிடத்தில் மிஞ்சியிருக்கும்.

உண்மையான இதழின் ஆசிரியருக்கு அன்று இரவே மின்னஞ்சல் போட்டேன். மறுநாளே பதில்: உங்கள் கட்டுரை எங்களிடம் வரவே இல்லை, அந்தத் தளம் எங்களுடையது அல்ல, வருந்துகிறோம். ஒரு ரூபாய்கூட வாங்காத மனிதர் மறுநாளே பதில் போடுகிறார். பணம் வாங்கியவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

முதலில், "டி.ஓ.ஐ. செயல்பட மூன்று மாதம் ஆகும் மேடம்." அடுத்த வாரம், "எடிட்டர் வெளிநாட்டில் இருக்கிறார்." அவர் வேறு எங்கே இருப்பார்? அடுத்து, அந்த இரண்டு பெயர்கள் 'அச்சுப் பிழை'. மின்னியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர், கல்லூரி முகவரியோடு, அச்சுப் பிழையாக விழுந்திருக்கிறார்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "திருவிழா நேரம் மேடம், முதலாளி ஊரில் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கட்டும், பேசிக்கொள்ளலாம்" என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கினார், மண்டூகருக்கு மோட்சம் கொடுத்தார், பூப்பல்லக்கு ஏறி மலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். என் பணம் வரவில்லை.

சரி, கட்டுரையையாவது நீக்குங்கள், வேறு நல்ல இதழுக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்றேன். நீக்குவதற்கு இன்னும் 15,000 ஆகுமாம். நீக்காவிட்டால் அதே கட்டுரையை நான் எங்கே அனுப்பினாலும் ஒப்புமைச் சோதனையில் என் கட்டுரையே எனக்கு எதிராக வந்து நிற்கும். இரட்டை வெளியீடு என்று என் மேல் பழி விழும். நான்கு கோடைச் சேறு அவர்கள் கையில் பிணையாக இருக்கிறது. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒரு பெரிய பதிப்பு நிறுவனத்தின் மீது, கட்டணத்தை மறைத்தது, கட்டுரையைத் திரும்பப் பெற விடாதது உட்படப் பல குற்றச்சாட்டுகளில் அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. மாடியறைக் கடைகளுக்கு யார் உத்தரவு போடுவது?

அந்தப் போலித் தளத்தின் அடியில் 'கோப்' அமைப்பின் முத்திரை இருந்தது. 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய வெளியீட்டு அறக் குழு அது. இதழில் முறைகேடு என்று தெரிந்தால் ஆசிரியர் படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். உறுப்பினர் பட்டியலில் தேடினேன். இல்லை. உறுப்பினர் அல்லாத இதழ் மீது அவர்களிடம் புகார் கொடுக்கவும் வழியில்லை. திருடனுக்கு அந்த முத்திரை வெறும் படம், ஒட்டிக்கொண்டான்.

அந்த அக்காவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "அந்தக் கடையா? அங்கே பைண்டிங் மட்டும்தான் போட்டேன் தாயி, பிரதிக்கு நானூறு ரூபாய். அட்டை நன்றாகப் போடுவார்கள்" என்றார். அட்டை நன்றாகத்தான் போடுகிறார்கள்.

நேற்று நேரிலேயே போனேன். அதே நாற்காலியில் வேறொரு பெண், முன்னால் தேநீர், கையில் யாரோ ஒருவரின் மெரூன் ஆய்வேடு. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வெளியே பேசலாம் மேடம்" என்று வாசலை மறித்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன் தங்கச்சி, எழுந்து போய்விடு" என்று கத்தினேன். அவள் எழுந்தாளா என்று தெரியாது. மாலையில் என் எண் தடுக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை என்று ஒரு நீளமான பட்டியல் போட நினைத்தேன், மணி இரண்டாகிறது. இவ்வளவுதான்: கட்டணம் கட்டும் முன் டி.ஓ.ஐ. எண்களைத் தட்டிப் பாருங்கள், அந்த இதழின் பழைய கட்டுரைகளுடையதை. இதழின் தளத்துக்கு ஸ்கோபஸ் பக்கத்தின் வழியாகவே போங்கள், யாரோ அனுப்பிய சுட்டியின் வழியாகப் போகாதீர்கள். தனி நபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். நெறியாளரிடம் மறைக்காதீர்கள். ஏமாந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், என்னைப்போல் மாதக்கணக்கில் காத்திருக்காமல். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நான் அங்கேதான் போகப்போகிறேன்.

அந்த இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. என் பெயருக்கும் என் நெறியாளர் பெயருக்கும் நடுவில் இருக்கிறீர்களே, நீங்கள்தான். உங்களுக்குத் தெரிந்தே நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு கொடுத்தீர்கள், யார் கணக்குக்குப் போட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மனுவோடு மூன்று ரசீதையும் சேர்த்து வைக்க வேண்டும்.