செத்த குழந்தைக்கு ஏழு பிள்ளைகள்: ஜெர்மன் வம்சாவளி தேடித் தருகிறேன் என்பவர்களிடம் கவனம்

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், கணவர் இந்த ஊர்க்காரர். மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய வம்சாவளியைத் தேடிக் கொடுக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றியது, ஏமாந்ததும் நான்தான்.

ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவு அலுவலகம் வந்ததே 1876-இல். அதற்கு முன்னால் யார் பிறந்தார், யாரைக் கட்டினார், எப்போது செத்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் சர்ச் ஏடுகளில்தான். அதுவும் குர்ரெண்ட் என்கிற பழைய கையெழுத்து, 'e'-யும் 'n'-உம் ஒன்றுபோல இருக்கும், என் கணவரே ஒரு வரி படிக்க முடியாமல் முழித்தார். சரி, தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று இணையத்தில் ஒரு 'ஆய்வாளரை'ப் பிடித்தேன். 680 யூரோ, 1540 வரைக்கும் போய்விடலாம் என்றார். பணத்தை பேபாலில் 'நண்பர்களுக்கு' என்ற வழியில் அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சமாம். அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆறு வாரத்தில் தோல் அட்டை போட்ட புத்தகம் வந்தது. கூடவே குடும்பச் சின்னம் என்று ஒரு கேடயம். மாமனார் அசந்துபோனார். விருந்தில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, கணவரின் அத்தை மட்டும் "எந்த ஏடு, எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டார். புத்தகம் முழுக்க ஓரிடத்திலும் அது இல்லை.

அத்தை தன் பாட்டியின் கடிதங்களைப் படித்தே குர்ரெண்ட் பழகியவர். புராட்டஸ்டன்ட் ஏடுகளின் படங்கள் ஆர்கியோன் தளத்தில் இருக்கின்றன. ஒரு மாதத்துக்குக் காசு கட்டி இருவரும் உட்கார்ந்தோம். ஸ்டுட்கார்ட் இருக்கும் வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஒரு வசதி, 1808 முதல் ஒவ்வொரு சபையும் குடும்பம் குடும்பமாகப் பதிவேடு வைத்தது, அப்பா அம்மா பெயரெல்லாம் அதிலேயே இருக்கும். அதில் எங்கள் மூதாதை யோஹான் கியோர்கின் அப்பா வேறு ஆள்! அந்த 'ஆய்வாளர்' பக்கத்து ஊரில் அதே பெயரில் 1768-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையைத் தூக்கி வந்து எங்கள் மரத்தில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பதிவில் பெயருக்குப் பக்கத்தில் போதகர் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தார். குழந்தை இறந்தால் பின்னால் வந்து அப்படிக் குறிப்பது வழக்கம். அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம், மூன்று வாரத்தில் போய்விட்டது, பாவம். அந்தக் குழந்தைக்குத்தான் எங்கள் புத்தகத்தில் ஒரு மனைவி, ஏழு பிள்ளைகள்.

மாதமும் தப்பு. அந்தக் காலத்தில் 8 என்ற எண்ணோடு 'பர்' சேர்த்து எழுதினால் அக்டோபர், லத்தீனில் 'ஆக்டோ' என்றால் எட்டு. இவர் ஆகஸ்ட் என்று போட்டிருந்தார். பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் வழக்கமாகச் சேர்க்கும் 'இன்' விகுதியையும் பெயரோடு சேர்த்தே எழுதிவிட்டார், ஷ்மிட் வீட்டுப் பெண் ஷ்மிடின் ஆகிவிட்டாள். அப்புறம் தேடிப் பார்த்தால், யாரோ இணையத்தில் போட்டிருந்த ஒரு மரத்தில் இதே ஆகஸ்ட், இதே ஷ்மிடின். அந்த 'ஆய்வாளர்' ஏட்டைத் திறக்கவே இல்லை, அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

1540 கதையும் அப்படித்தான். வூர்ட்டம்பெர்க்கில் சர்ச் ஏடுகள் கட்டாயமானதே 1558-இல். 1634-இல் நோர்ட்லிங்கன் போருக்குப் பின் படைகள் புகுந்ததில் பல ஊர்களின் ஏடுகள் அழிந்தன. எங்கள் ஊரில் மிஞ்சியது 1640-களிலிருந்துதான். அவரிடம் கேட்டேன், இரண்டு மின்னஞ்சலுக்கு மழுப்பினார், மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஏட்டின் பெயர், பக்கம், படம் மூன்றும் தருவீர்களா என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ரசீது தராதவருக்கு முன்பணம் வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மாத்ரிகுலா என்ற இணையதளத்தில் நிறைய மறைமாவட்டங்களின் ஏடுகள் இலவசமாகவே இருக்கின்றன, முதலில் அங்கே பாருங்கள்.

நானும் அத்தையும் இப்போது 1702 வரை வந்திருக்கிறோம், எல்லாம் நெசவாளர்கள். கேடயம் மட்டும் மாமனார் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார், கழற்றச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.